கருங்கால் ஃபெர்ரெட், கடல் நீர்நாய், இன்னும் சில: ஒரு விருப்பப் பட்டியலின் வரலாறு

ப்ளானட் ஸூ விளையாட்டு 2019 நவம்பரில் வந்தது. நம் கையாலேயே ஒரு மிருகக்காட்சிச் சாலையைக் கட்டி, விலங்குகளை வளர்த்து, இனப்பெருக்கம் செய்யவைத்து, சிலவற்றைக் காட்டில் திரும்ப விடுகிற விளையாட்டு. இதை ஆடுகிற இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: அடுத்து எந்த விலங்கைச் சேர்க்கணும்? ஒருத்தர் இன்னொரு சிறுத்தை வகை வேண்டும் என்பார், ஒருத்தர் குரங்கு வேண்டும் என்பார். என் பட்டியல் எப்போதும் வீசல் குடும்பம்தான். ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் இந்தப் பதிவு.

முதலில் பெயர்ச் சிக்கல். வீசல் என்பதற்குத் தமிழில் நேரான சொல் கிடையாது. அகராதிகளைப் புரட்டினால் கீரி என்றும் மரநாய் என்றும் போட்டிருக்கும். இரண்டும் பொருந்தாது. கீரியும் நம் ஊர் மரநாயும் ஊனுண்ணிகளில் பூனைப் பக்கத்து உறவினர்கள். வீசல் குடும்பம் நாய், கரடிப் பக்கத்துக் கிளை. உருவம் மட்டும்தான் ஏமாற்றும்: நீண்ட உடம்பு, குட்டைக் கால், எந்தப் பொந்திலும் நுழையும் தலை. இந்தக் குடும்பத்தில் சுமார் 60 இனங்கள் இருக்கின்றன. வீசல், ஃபெர்ரெட், மிங்க், மார்ட்டென், வால்வரின், வளைக்கரடி, நீர்நாய் எல்லாம் இதில் அடங்கும். நீர்நாய்க்கு மட்டும் நம்மிடம் பழைய, சுத்தமான தமிழ்ச் சொல் இருக்கிறது. குறுந்தொகையிலேயே வாளை மீனைத் தின்கிற நீர்நாய் வந்துவிடுகிறது. மற்றவற்றில் பெரும்பாலானவற்றை நம் முன்னோர் பார்க்கவில்லை, அதனால் பெயரும் வைக்கவில்லை. ஆகவே ஃபெர்ரெட்டை ஃபெர்ரெட் என்றே எழுதுகிறேன்.

விளையாட்டில் இந்தக் குடும்பம் ஏற்கெனவே கால் வைத்துவிட்டது. தென் அமெரிக்காவின் ராட்சத நீர்நாய், ஐரோப்பிய வளைக்கரடி, ஆசியச் சிறுநக நீர்நாய் எல்லாம் கூடுதல் தொகுப்புகளில் வந்தன. சிறுநக நீர்நாய் நம் நீலகிரி, ஆனைமலை ஓடைகளிலும் உண்டு. அது கும்பலாக நீந்துவதைப் பார்த்தே மணிக்கணக்கில் நேரம் போய்விடும், அதைப்பற்றிக் குறை ஒன்றும் இல்லை. எனக்கு வேண்டியவை வேறு. அவற்றின் பின்னால் இருக்கிற கதைக்காக வேண்டும்.

முதலாவது கடல் நீர்நாய்.

திமிங்கலத்துக்கும் சீலுக்கும் தோலுக்குக் கீழே தடித்த கொழுப்பு இருக்கும். கடல் நீர்நாய்க்கு அது கிடையாது. வட பசிபிக்கின் குளிர்நீரில் அது உயிரோடு இருப்பது ரோமத்தால்தான். ஒரு சதுர அங்குலத்தில் பத்து லட்சம் மயிர் வரை. விலங்குகளிலேயே இதுதான் மிக அடர்த்தி. கூடவே, உடம்பு எடையில் கால் பங்கு அளவுக்குத் தினமும் தின்ன வேண்டும். அந்த ரோமம்தான் அதைக் காப்பாற்றியது, அதுவே அதற்கு எமனாகவும் ஆனது.

1741-ல் விட்டஸ் பெரிங்கின் ரஷ்யக் கப்பல் அலாஸ்காவைக் கண்டுவிட்டுத் திரும்பும்போது ஆளில்லாத ஒரு தீவில் தட்டி நின்றது. பெரிங் அந்த டிசம்பரில் அங்கேயே இறந்தார். கூட வந்த இயற்கையியலாளர் கியோர்க் ஸ்டெல்லரும் மற்றவர்களும் குளிர்காலத்தை அங்கேயே தள்ளினார்கள். சாப்பிட்டது பெரும்பாலும் கடல் நீர்நாய் இறைச்சி. அடுத்த ஆண்டு உடைந்த கப்பலின் மரத்தைக் கொண்டே சின்னக் கப்பல் ஒன்று கட்டி ஊர் திரும்பியபோது, நூற்றுக்கணக்கான தோல்களையும் கொண்டுவந்தார்கள். சீனாவில் அதற்குக் கிடைத்த விலை தெரிந்ததும் சைபீரிய வியாபாரிகள் கடலில் இறங்கிவிட்டார்கள். வேட்டையாடத் தெரிந்தவர்கள் அவர்களல்ல, தீவுகளில் வாழ்ந்த அலூட் மக்கள். பெண்களையும் பிள்ளைகளையும் பணயமாகப் பிடித்துவைத்துக்கொண்டு ஆண்களைக் கடலுக்கு அனுப்பினார்கள். ரோம வணிகம் என்று ஒற்றை வரியில் பாடப்புத்தகம் சொல்லிவிட்டுப் போவது இதைத்தான்.

ஆங்கிலேயர்களுக்கு இந்தப் பணம் கண்ணில் பட்டது இன்னும் 37 வருஷம் கழித்து. கேப்டன் குக்கின் மூன்றாவது பயணத்தில், 1778-ல், இன்றைய கனடாவின் வான்கூவர் தீவில் உள்ள நூட்கா சவுண்டில் மாலுமிகள் சில்லறைச் சாமான்களைக் கொடுத்து ரோமத் தோல்களை வாங்கினார்கள். குளிருக்குப் போர்த்திக்கொள்ளத்தான் வாங்கினார்கள். குக் ஹவாயில் கொல்லப்பட்ட பிறகு கப்பல்கள் 1779 கடைசியில் சீனக் கரைக்குப் போனபோது, அழுக்கேறிய அந்தத் தோல்களுக்குக் கிடைத்த விலையைப் பார்த்து ஆட்கள் அரண்டுபோனார்கள். நூட்காவுக்கே திரும்பிப் போகணும் என்று மாலுமிகள் கிட்டத்தட்டக் கலகம் செய்யும் நிலை. இந்த விவரம் 1784-ல் அச்சில் வந்ததும் வியாபாரிகள் புறப்பட்டார்கள்.

அப்படிப் புறப்பட்டவர்களில் ஒருவர் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் இருந்த ஜேம்ஸ் ஸ்ட்ரேஞ்ச். பம்பாய் வணிகர் டேவிட் ஸ்காட்டின் முதலீட்டில் 'கேப்டன் குக்', 'எக்ஸ்பெரிமென்ட்' என்று இரண்டு கப்பல்கள் தயாராகி 1785 கடைசியில் பம்பாயிலிருந்து கிளம்பின. மறு ஆண்டுக் கோடையில் நூட்கா. கிடைத்தது அறுநூறு அளவில் தோல்கள்தான். போட்ட கணக்குக்கும் வந்த வரவுக்கும் சம்பந்தமே இல்லை, நஷ்டம். இதில் ஒரு விசித்திரம்: உடம்பு சரியில்லாத ஜான் மக்கே என்ற மருத்துவ உதவியாளரை, உள்ளூர் மொழியைக் கற்றுக்கொண்டு அடுத்த முறைக்கு வியாபாரத்தைத் தயார்செய்து வைக்கச் சொல்லி, நூட்கா மக்களிடையே விட்டுவிட்டு வந்தார் ஸ்ட்ரேஞ்ச். அடுத்த முறை என்று ஒன்று வரவே இல்லை. மறு ஆண்டு அங்கே வந்த பார்க்லி என்பவரின் கப்பலில்தான் மக்கே வெளியேறினார். ஸ்ட்ரேஞ்சின் பயணக் குறிப்பு நூலாக அச்சானது 1928-ல், அச்சிட்டது சென்னை அரசாங்க அச்சகம். கடல் நீர்நாயின் கதை நம் அண்ணாசாலைப் பக்கம் வந்து போனதற்கு அது ஒரு சாட்சி.

மீதியைச் சுருக்கிச் சொல்கிறேன். 1911-ல் அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், பிரிட்டன் நான்கும் கையெழுத்திட்ட சீல் ஒப்பந்தத்தில் கடல் நீர்நாய்க்கும் பாதுகாப்புக் கிடைத்தது. அப்போது உலகத்தில் மிஞ்சியது ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் வரைதான். கனடாவின் பசிபிக் கரையில் கடைசியாகத் தெரிந்த ஒன்று 1929-ல் சுடப்பட்டது. பிறகு 1960-களில் அமெரிக்கா அலாஸ்காவின் ஆம்சிட்கா தீவில் அணுகுண்டுச் சோதனைக்கு ஏற்பாடு செய்தபோது, அந்தப் பகுதியில் இருந்த நீர்நாய்களைப் பிடித்துப் பழைய கரைகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். 1969 முதல் 1972 வரை 89 நீர்நாய்கள் வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் இறங்கின. ஸ்ட்ரேஞ்ச் தோல் வாங்கிய அதே கரை. இன்று அங்கே ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. அணுகுண்டு புண்ணியத்தால் ஒரு விலங்கு ஊர் திரும்பியது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆம்சிட்காவிலேயே இருந்தவற்றில் நிறைய 1971 வெடிப்பில் செத்தன என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இதை விளையாட்டில் எப்படி வைப்பது? மல்லாந்து மிதந்துகொண்டு, வயிற்றின்மேல் கல்லை வைத்துச் சிப்பியை உடைக்கிற அசைவு ஒன்றே போதும், ஜனங்கள் காசு கொடுத்து வாங்குவார்கள். எனக்கு இன்னொன்றும் வேண்டும். கலிஃபோர்னியாவின் மான்டெரே பே அக்வேரியத்தில், தாயை இழந்த குட்டிகளை அங்கே வாழும் பெண் நீர்நாய்களிடமே வளர்க்கவிட்டுப் பிறகு கடலில் விடுகிறார்கள். வளர்ப்புத் தாய் என்கிற வசதியை எந்த மிருகக்காட்சிச் சாலை விளையாட்டிலும் நான் பார்த்ததில்லை. நிரலாகப் பார்த்தால் பெரிய வேலையும் இல்லை.

சரி, பட்டியலின் உச்சிக்கு வருவோம். கருங்கால் ஃபெர்ரெட்.

ஒரு கிலோ எடை, மஞ்சள் கலந்த உடம்பு, கறுப்புக் கால், முகத்தில் திருடன் மாதிரி ஒரு கறுப்புப் பட்டை. வட அமெரிக்கப் புல்வெளியின் பிராணி. சாப்பாடு கிட்டத்தட்ட ஒன்றே ஒன்றுதான்: பிரெய்ரி நாய். பேருக்குத்தான் நாய், உண்மையில் தரையில் வளை தோண்டி ஊர் மாதிரி கூட்டமாக வாழும் அணில் வகை. ஃபெர்ரெட் அதைத்தான் தின்னும், அதன் வளையில்தான் தூங்கும், குட்டி போடும். வெளியே வருவது ராத்திரியில். அதனால் அறிவியலாளர் கண்ணில் அது பட்டதே அபூர்வம். 1851-ல் ஆடுபானும் பாக்மனும் இதை முதன்முதலில் விவரித்தார்கள், ரோம வியாபாரி ஒருவர் அனுப்பிய ஒரே தோலை வைத்து. அந்தத் தோலும் தொலைந்துபோனது. அடுத்த 25 வருஷம் வேறு யாருக்கும் இன்னொன்று கிடைக்கவில்லை. ஆடுபான் கதை விட்டாரோ என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். 1870-களில் எலியட் கூஸ் விளம்பரம் செய்து தேடிச் சில தோல்களை வாங்கிய பிறகுதான் ஆடுபானின் மானம் தப்பியது.

அழிவு இரண்டு வழியில் வந்தது. ஒன்று தெரிந்தே செய்தது. பிரெய்ரி நாய் மாட்டுக்கான புல்லைத் தின்றுவிடுகிறது என்று பண்ணைக்காரர்கள் முறையிட, அரசாங்கமே ஸ்ட்ரிக்னைன் கலந்த தானியத்தைப் புல்வெளி முழுக்கத் தூவியது. இரண்டாவது யாரும் எதிர்பாராதது. 1894-ல் ஹாங்காங், 1896-ல் பம்பாய் என்று பரவிய அதே பிளேக் 1900-ல் கப்பல் வழியாக சான் ஃபிரான்சிஸ்கோவில் இறங்கியது. இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மனிதர்களைக் கொன்ற பெருநோய். அமெரிக்காவில் அது மனிதர்களை அவ்வளவாகத் தொடவில்லை. தெள்ளுப்பூச்சி வழியாகத் தரை அணில்களுக்குப் போய், மெல்ல மெல்லக் கிழக்கே நகர்ந்து பிரெய்ரி நாய்களின் வளைகளுக்குள் நுழைந்துவிட்டது. அந்த விலங்குகளுக்கு இந்தக் கிருமி புதுசு, எதிர்ப்பே இல்லை. ஒரு ஊர் முழுக்க சில வாரங்களில் காலியாகும். ஃபெர்ரெட்டுக்கும் அதே கதி. பம்பாயில் ஹாஃப்கின் 1897-ல் பிளேக் தடுப்பூசியைத் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தது நமக்குத் தெரியும். இன்று அமெரிக்காவில் ஒவ்வொரு ஃபெர்ரெட்டையும் பிடித்து பிளேக் தடுப்பூசி போட்டுத்தான் வெளியே விடுகிறார்கள். அதே கிருமிதான்.

1964-ல் தெற்கு டகோட்டாவில் ஒரு சிறு கூட்டம் கண்ணில் பட்டது. 1971-லிருந்து அவற்றில் சிலவற்றைப் பிடித்து மேரிலாந்திலுள்ள பட்டுக்ஸென்ட் ஆய்வு நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய் ஃபெர்ரெட்டுகளுக்கு உயிர்க்கொல்லி என்பதால் முதலில் அதற்குத் தடுப்பூசி. வீட்டு ஃபெர்ரெட்டுகளுக்குப் போட்டுப் பார்த்து ஒன்றும் ஆகாத ஊசிதான். முதலில் பிடித்த ஆறில் நாலு, அந்த ஊசியாலேயே நோய் வந்து செத்தன. மிஞ்சியவை போட்ட குட்டி ஒன்றும் பிழைக்கவில்லை. 1979-ல் கடைசி ஃபெர்ரெட்டும் கூண்டில் செத்தது. தெற்கு டகோட்டா காட்டிலும் அதற்குள் எதுவும் இல்லை. இனம் முடிந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

1981 செப்டம்பர் 26. வயோமிங் மாநிலத்தில் மீட்டீட்ஸி என்ற சிற்றூர்ப் பக்கம் ஒரு மாட்டுப்பண்ணை. அந்த வீட்டு நாய், பெயர் ஷெப், ராத்திரி எதையோ கொன்று வாசலில் போட்டது. வீட்டுக்காரர் அதை எடுத்து வேலிக்கு அந்தப்பக்கம் எறிந்துவிட்டார். வீட்டம்மாவுக்கு அது விநோதமாகப் படவே, எடுத்துக்கொண்டு பாடம் செய்பவரிடம் போனார்கள். அவருக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. நாய் கவ்வாமல் இருந்திருந்தால் அந்தக் கூட்டம் யாருக்கும் தெரியாமலே போய்ச் சேர்ந்திருக்கும்.

1984-ல் அங்கே எண்ணியபோது 129. இனி பயமில்லை என்ற நினைப்பு வந்துவிட்டது. சிலவற்றை முன்கூட்டியே பிடித்து வளர்க்கலாம் என்று சில ஆய்வாளர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் பட்டுக்ஸென்ட்டில் நடந்தது எல்லாருக்கும் ஞாபகத்தில் இருந்தது. காட்டில் நன்றாக இருப்பதைப் பிடித்துக் கூண்டில் சாகவிடணுமா என்பது நியாயமான கேள்வியும்கூட. 1985-ல் அந்தக் கேள்விக்கு அவகாசமே இல்லாமல் போனது. பிரெய்ரி நாய்களில் பிளேக், ஃபெர்ரெட்டுகளில் டிஸ்டெம்பர், இரண்டும் ஒரே நேரத்தில். அவசரமாக ஆறைப் பிடித்தார்கள். வரும்போதே நோயோடு வந்தவை அதில் இருந்தன, அருகருகே வைத்ததில் ஆறுமே போய்விட்டன. மறுபடி ஆறு. பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் பிடித்தார்கள். 1987 பிப்ரவரி கடைசியில் ஸ்கார்ஃபேஸ் என்று பேர் வைத்த ஆண் ஒன்று சிக்கியது. அதோடு காட்டில் பூஜ்யம். கூண்டில் 18: பெண் 11, ஆண் 7. உலகத்திலேயே அவ்வளவுதான்.

ப்ளானட் ஸூ ஆடியவர்களுக்கு இந்த இடம் பரிச்சயம். ஒவ்வொரு விலங்குக்கும் மரபணு மதிப்பெண் உண்டு. நெருங்கிய சொந்தத்தில் ஜோடி சேர்த்தால் எச்சரிக்கை வரும். பொறுமை இல்லாதவர்கள் சந்தையிலிருந்து புதுசாக ஒரு ஆணை வாங்கிப் போட்டு முடித்துவிடுவார்கள். வயோமிங்கில் அந்தச் சந்தை கிடையாது. 18-ல் பல ஒன்றுக்கொன்று உறவு. மரபியல் கணக்கில் அவை ஏழு விலங்குகளுக்குச் சமம். யார் யாரோடு சேரலாம் என்பதை ஒரு ஜாதகக் கட்டு மாதிரி ஏட்டை வைத்துக்கொண்டு முடிவு செய்தார்கள். பதினெட்டும் ஒரே கட்டடத்தில் இருந்தால் ஒரு கிருமி போதும் என்பது முதல் ஆறிலேயே தெரிந்துவிட்டதால், எண்ணிக்கை கூடக்கூட நெப்ராஸ்காவின் ஒமாஹாவுக்கும் வர்ஜினியாவின் ஃப்ரண்ட் ராயலுக்கும் பிரித்து அனுப்பினார்கள். சர்வர் வைத்துப் பிழைக்கிற எனக்கு இது உடனே புரிந்தது. 1987 கோடையில் இரண்டு ஈற்றில் ஏழு குட்டிகள் பிழைத்தன. நாலே வருஷத்தில், 1991-ல், வயோமிங்கின் ஷர்லி பேசினில் 49 ஃபெர்ரெட்டுகளை வெளியே விட முடிந்தது.

விட்டவற்றில் பெரும்பாலானவை சீக்கிரமே செத்தன, கயோட்டி ஓநாய்களிடம் மாட்டி. கூண்டில் பிறந்ததற்கு எதைப் பார்த்து ஓடணும் என்று தெரியவில்லை. இதற்கு முன்பே ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்திருந்தார்கள்: பாடம் செய்த வளைக்கரடி ஒன்றை ரிமோட்டில் ஓடும் பொம்மை லாரிமேல் ஏற்றி, ஃபெர்ரெட்டின் சைபீரிய உறவினர்களைத் துரத்திப் பழக்கப் பார்த்தார்கள். இந்தக் காட்சியை விளையாட்டில் வைக்காதவர்கள் ரசனை இல்லாதவர்கள் என்பேன்! கடைசியில் பலன் தந்தது அதைவிட எளிய வழி. வளைகள் உள்ள பெரிய திறந்தவெளித் தொட்டியில் உயிருள்ள பிரெய்ரி நாயோடு வளரவிட்டுப் பிறகு அனுப்பியவை கூடுதலாகப் பிழைத்தன. ப்ளானட் ஸூவில் விடுவி என்று ஒரு பொத்தானை அழுத்தினால் விலங்கு மறைந்து பாதுகாப்புப் புள்ளி ஏறுகிறது. எனக்கு அதில்தான் மனத்தாங்கல். பட்டுக்ஸென்ட்டும் ஷர்லி பேசினும் சொல்வது, அந்தப் பொத்தானுக்குப் பிறகுதான் ஆட்டமே என்று.

மரபணுக் கதையும் அதோடு முடியவில்லை. ஸ்கார்ஃபேஸ் செத்த பிறகும் 20 வருஷம் வரை உறைநிலையில் இருந்த விந்தைக் கொண்டு குட்டிகள் பிறக்கவைத்தார்கள். 1988-ல் செத்த வில்லா என்ற பெண்ணின் திசு சான் டியாகோவில் உறைபதனத்தில் இருந்தது. வில்லாவின் வாரிசு எதுவும் இன்றைய கூட்டத்தில் இல்லை. அதாவது ஏழு எட்டாக ஒரு வாய்ப்பு. 2020 டிசம்பர் 10 அன்று ஒரு வீட்டு ஃபெர்ரெட்டின் வயிற்றில் வில்லாவின் குளோன் பிறந்தது, பெயர் எலிசபெத் ஆன். அதனால் குட்டி போட முடியவில்லை. 2023-ல் பிறந்த இன்னொரு குளோன், ஆன்டோனியா, 2024-ல் ஃப்ரண்ட் ராயலில் மூன்று குட்டி போட்டது. இரண்டு பிழைத்தன.

இன்று காட்டில் இருப்பவை சில நூறு. பட்டியலிலிருந்து பெயரை எடுக்கவேண்டுமானால் 3,000 வேண்டும். நன்றாகப் பெருகிய தெற்கு டகோட்டாவின் கொனாட்டா பேசினுக்குள்ளும் 2008-ல் பிளேக் வந்துவிட்டது. இப்போது வளை வளையாகப் போய்த் தெள்ளுப்பூச்சி மருந்து தூவுகிறார்கள், ஒவ்வொரு வருஷமும்.

பிரெய்ரி நாய் விளையாட்டின் வட அமெரிக்கத் தொகுப்பில் ஏற்கெனவே இருக்கிறது. பாதி வேலை முடிந்தது என்றுதான் அர்த்தம்.

வால்வரின், தேன்வளைக்கரடி பற்றியும் எழுதச் சொல்வார்கள். அவற்றுக்கு ரசிகர்கள் ஏற்கெனவே அதிகம், என் சிபாரிசு தேவையில்லை.

பட்டியலில் கடைசிப் பெயர் நீலகிரி மார்ட்டென். தென்னிந்தியாவில் உள்ள ஒரே மார்ட்டென் இது. கழுத்தில் மட்டும் மஞ்சளும் ஆரஞ்சுமாய் ஒரு பட்டை, மீதி உடம்பு கரும்பழுப்பு, நீண்ட வால். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளில் பகலிலேயே நடமாடும், அப்படியும் பார்த்தவர்கள் குறைவு. இதை அறிவியலுக்கு விவரித்தவர் தாமஸ் ஹார்ஸ்ஃபீல்ட், லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டவர். ஆண்டு 1851. அமெரிக்காவில் ஆடுபான் ஒற்றைத் தோலை வைத்துக் கருங்கால் ஃபெர்ரெட்டை எழுதிய அதே ஆண்டு. அதற்கு நாய் ஷெப்பும் உறைபதனமும் குளோனும் வந்துவிட்டன. இது இன்னும் சோலையில் ஓடிக்கொண்டிருக்கிறது, தானியங்கிக் கேமராவில் வால் மட்டும் பதிவாகிறபடி.